அவருக்கும் ஒரு மணி நேரம்தான்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் மண்டி நடத்தும் சசிகலாவுக்குச் சென்னைக் குடும்பநல நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. அவளை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போன கணவன் அருண்குமார், அங்கேயே விவாகரத்து வழக்குப் போட்டிருந்தான். கல்யாணம் நடந்ததும் குடித்தனம் செய்ததும் பாலக்கோட்டில்தான்.

முதல் வாய்தாவுக்கு பஸ்ஸில் போய்வந்தாள். இடுப்பு விட்டுப்போனது, அன்றைய ஏலமும் போனது. அடுத்த வாய்தாவைத் தள்ளிவைக்கக் கேட்டதும், அருண்குமாரே விமான டிக்கெட் எடுத்து அவள் போனுக்கு அனுப்பினான். பெங்களூரிலிருந்து ஒரு மணி நேரம்தான், இனி தூரத்தைச் சாக்குச் சொல்லாதே என்று கூடவே ஒரு மெசேஜ்.

அதையும்தான் பார்த்துவிடலாமென்று கருக்கலிலேயே கிளம்பினாள். ஓசூர் தாண்டியதும் வண்டிகள் நகரவில்லை. விமான நிலையமோ பெங்களூருக்கு அந்தப் பக்கம். நகரம் முழுவதையும் ஊர்ந்து கடந்து, வரிசை வரிசையாக நின்று, ஒருவழியாக ஏறி உட்கார்ந்தாள். விமானம் மேலே போனதும் இறங்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவள் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வழக்கைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். மனைவி ஆஜராகவில்லை என்று பதிவாகியிருந்தது.

“பிளைட்ல வந்தும் லேட்டா?” என்று வராந்தாவில் அருண்குமார் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குச் செரிக்கவே இல்லை. விவாகரத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிடு, எதற்கு இந்த அலைச்சல் என்றாள் அம்மா முனியம்மாள்.

“போட மாட்டேன்னு சொல்லலம்மா. எங்க போடறதுன்னு நாந்தான் சொல்லுவேன்.”

தருமபுரி வக்கீல் சகாயமேரி மூலமாக, வழக்கைத் தருமபுரிக்கு மாற்றச் சொல்லி ஹைகோர்ட்டில் மனுப் போட்டாள். விசாரணையன்று அருண்குமாரின் வக்கீல், விமானத்தில் ஒரு மணி நேரம், டிக்கெட்டும் என் கட்சிக்காரரே எடுத்துத் தருகிறார், இதில் என்ன சிரமம் என்று வாதாடினார். சகாயமேரி எழுவதற்குள் சசிகலா எழுந்து, பேச அனுமதி கேட்டாள்.

“தூரமே இல்லைன்னா அவரே வரட்டுங்கய்யா. அந்த ஒரு மணி நேரம் அவருக்கும் ஒரு மணி நேரந்தானுங்களே. விட்டுட்டுப் போனது அவரு. பின்னாடியே நான் எதுக்குங்க போவணும்?”

தருமபுரி போய்வர உங்கள் கட்சிக்காரருக்கு என்ன கஷ்டம் என்று நீதிபதி கேட்டார். லீவு கிடைக்காது என்றார் வக்கீல். அந்த அம்மாவுக்கும் வேலை இருக்கிறதே என்று சொல்லி, வழக்கை மாற்றி உத்தரவிட்டார் நீதிபதி.

அதன்பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் அருண்குமார் காரோட்டிக்கொண்டு வந்தான். ஒருநாள் கோர்ட் வாசலில் களைத்துப்போய் நின்றவன், இவ்வளவு பிடிவாதம் எதற்கு, நான் திரும்பி வந்துவிடுவேன் என்று நினைக்கிறாயா என்று கேட்டான்.

“நீங்க வர வேணாம். நாலு பேருக்குத் தெரிய இந்த ஜில்லாவுலதான் தாலி கட்டுனீங்க. அவுக்கறதும் இங்கியே நடக்கட்டும்.”

தீர்ப்பு வந்த அன்று அவள் கையெழுத்துப் போட்டாள். முனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரிமங்கலத்திலிருந்து வந்திருந்த அருண்குமாரின் சொந்தக்காரர்கள் முன்வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பின்பக்கமாகப் போய்விடலாம் என்று சகாயமேரி மெல்லச் சொன்னார். சசிகலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கே நடந்தாள். அவர்கள் விலகி வழிவிட்டார்கள்.