கொம்பை மூடு

என் புருஷன் அமலனுக்கு வெண்கலக் குரல். எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசை என்றால் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பவர் அவர்தான். அவர் மைக் முன்னால் போய் நின்றால் கைக்குழந்தைகூட வாயை மூடிக்கொள்ளும். எனக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியில் காட்டிக்கொள்வேனா? காட்டினால் தலைக்கு மேல் ஏறி உட்காருவார்.

கார் சீட் தைக்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. சூப்பர்வைசர் பதவி வீடு தேடி வந்தபோதெல்லாம், "எனக்கு இன்னாத்துக்கு அந்தத் தலவலி? OT பாத்தமா, வூட்டுக்கு வந்தமான்னு இருக்கணும்" என்று தட்டிக் கழித்துவிட்டார். பதவி ஆசை இல்லாத மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். என் புத்தியை எதால் அடிப்பது!

என் பெயர் சகாயமேரி. வல்லக்கோட்டை ரோட்டில், மோட்டார் வைண்டிங் கடை மாடியில் 'விரல் வாசிப்பு' என்று ஒரு குழு நடத்துகிறோம். சம்பளம் கிம்பளம் கிடையாது. டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு, சின்னவர்களோ பெரியவர்களோ, உட்கார்ந்து வாசிக்கச் சொல்லித் தருவோம். அவர்கள் மக்கு இல்லை, சோம்பேறி இல்லை. எழுத்து மட்டும் பிடிபடாது. குழுவைத் தொடங்கிய மரகதம் அக்காவின் மகனை மூன்று பள்ளிக்கூடம் மக்கு என்று திருப்பி அனுப்பியதில் பிறந்த குழு இது. பிள்ளைகள் வருகிறார்கள். பெரியவர்கள்தான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்களைக் கூப்பிட நோட்டீஸ் அடித்து ஒட்டினோம். வாசிக்க வராதவர்களுக்கு நோட்டீஸ்! அப்பேர்ப்பட்ட மேதாவிகள் நாங்கள். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தவர் என் புருஷன்.

எங்கள் பிள்ளைகளுக்கு முதல் எதிரி கொம்பு. 'தே' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தமோ 'த'வுக்குப் பின்னால் வருகிறது. கண் நேரே போய்க் கொம்பில் மோதி நின்றுவிடும். "அக்கா, கொம்பு முட்டுது" என்பார்கள். "கொம்ப மூடு" என்போம். விரலால் கொம்பை மறைத்து 'த' என்று சொல்லிவிட்டு, விரலை எடுத்து 'தே' என்று சேர்க்க வேண்டும். என் மகள் ஜெர்சி ஐந்தாம் வகுப்பு. அவளுக்காகத்தான் நானே அந்த மாடிப்படி ஏறினேன். இந்த வருஷம்தான் ஒரு பக்கம் முழுக்கத் தானாக வாசித்தாள்.

அவளைத்தான் கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததும் விடுதியில் தள்ளப்போவதாக அவர் ஒற்றைக்காலில் நின்றார். தெற்கே எங்கேயோ, அடிக்குப் பேர்போன விடுதி. அவர் படித்ததும் அங்கேதான், இதே வார்டனிடம்தான். இப்போது பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்களாம்.

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மறுநாள் வாசகத்தை நான் சத்தமாக வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "உன் வாயால கேட்டாதான் மேரி எனக்கு ராகமே வருது" என்பார். கல்யாணமான புதிதில் தொடங்கியது. ஆசை என்று நினைத்தேன். என் தங்கையிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டதும் உண்டு.

அந்தச் சனிக்கிழமை வாசகத்துக்கு முன்னால் சண்டை.

"கொயந்த இப்பதான் நாலு எழுத்து படிக்குது. அங்க தள்ளினா செத்துடும்" என்றேன்.

"நானும் அங்கதான் படிச்சேன். செத்தா பூட்டேன்?"

"உன்ன மாதிரி இல்ல அவ. அவளுக்கு எழுத்து வரல. எத்தினி வாட்டி சொல்றது?"

"வார்டன் கைல பேசிட்டேன் மேரி. போறா. அவ்ளோதான்."

அவருக்கு முகமே இறுகிப்போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசக நூலைப் படாரென்று திறந்து, கண்ணில் பட்ட பக்கத்தைக் கடகடவென்று வாசித்தேன். நடுவில் "ஏய் ஜெர்சி, பால் பொங்குது பாரு!" என்று கத்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். "இன்னொரு வாட்டி" என்றார். "ஒரு வாட்டிதான், வேணும்னா நீயே படிச்சிக்க" என்று மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஜெர்சி முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். அவர் போய் நின்றார், விரித்து வைத்த புத்தகத்தில் கையை வைத்தார், ஆரம்பித்தார். கோயில் அடங்கியது.

பக்கத்தில் செல்போனில் வாசகத்தைப் பார்த்துக்கொண்டே வந்த அக்கா என்னை இடித்தார். "இன்னா மேரி, உங்க வூட்டுக்காரு வேற ஏதோ படிக்கிறாரு?"

எட்டிப் பார்த்தேன். வேறுதான். கோயில் வாசகம் மூன்று வருஷத்துக்கு ஒரு சுற்று. இந்த ஞாயிறோடு கோயில் வருஷம் மாறுகிறது. நான் கோபத்தில் பழைய வருஷத்துப் பக்கத்தை வாசித்துத் தொலைத்திருக்கிறேன்! சரி, கோயில் புத்தகத்திலும் யாரோ பக்கம் மாற்றி வைத்துவிட்டார்கள் போல என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்போது அவர் நிறுத்தினார். ஒரு வாக்கியத்தின் நட்டநடுவில், நிறுத்தவே கூடாத இடத்தில். ஒரு மூச்சு விட்டார். பிறகு தொடர்ந்தார்.

பால் பொங்கிய இடம் அது.

ஐயோ, என் ஆண்டவரே. இந்த மனுஷன் வாசிக்கவில்லை. என்னைத்தான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷமும், ஒவ்வொரு ஞாயிறும், என்னைத்தான்.

பாதர் பெரியநாயகம் எழுந்து வந்து புத்தகத்தைப் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார், பாழாய்ப்போன மைக் அதையும் பிடித்துவிட்டது. "அமலன், பக்கம் சரியாதான் இருக்கு. நீங்க சொல்றது போன வருஷத்து வாசகம். இதுல இருக்கறத வாசிங்க."

அவர் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணாடி மறந்துவிட்டது, தொண்டை சரியில்லை என்று எதையாவது சொல்லித் தப்பிப்பார் என்று நானே வேண்டிக்கொண்டேன். பின்னால் பாடகர் குழுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பி ஒரு முறை முறைத்தேன் பாருங்கள், அதோடு அடங்கிற்று.

அந்த நிசப்தத்தில் என் மகள் குரல் கேட்டது.

"அப்பா, கொம்பு முட்டுதா? கொம்ப மூடு!"

கோயிலே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை. பிறகு சுட்டுவிரலைத் தூக்கிப் புத்தகத்தில் வைத்தார்.

"த..." என்றார். விரலை நகர்த்தினார். "தே... தேச... தேசம்."

ஒரு சொல். வியர்வை வழிந்து புத்தகத்தில் சொட்டியது. "என்னால முடியல பாதர்" என்று சொல்லிவிட்டு, நடுப்பாதையில் இறங்கி நேராக வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் சட்டைகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அழுவதா, அறைவதா என்று எனக்கே தெரியவில்லை.

"பசை வாளிய தூக்கினு கூடவே வந்தியே! ஒரு வார்த்த சொன்னியா? என் கைல சொல்ல உனக்கு வாய் வரலயா?"

"உன் கைலதான் சொல்ல முடியல" என்றார். "நீ என் கொரலுக்குத்தான கட்டிக்கின."

"அது கெடக்கட்டும். அந்த ஆஸ்டல்ல உன்ன எப்டி அடிச்சிருப்பாங்கன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சிமா உன் பொண்ண அங்க அனுப்பப் பாத்த? நீ மனுசனா?"

அவர் தலை நிமிரவில்லை.

"அங்கதான் மேரி நான் ஒளியக் கத்துக்கினேன். ஒரு வாட்டி கேட்டா மனசுல புடிச்சிக்கணும், இல்லன்னா முதுகு பிஞ்சிடும். அப்டிதான் கத்துக்கினேன். அவளுக்கு எழுத்து வராதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். என்னமாரியேதான். எழுத்து வராட்டியும், ஒளியவாச்சும் கத்துக்கட்டும்னு பாத்தேன். இல்லன்னா இந்த ஊர்ல பொழைக்க முடியாது."

சோம்பேறித்தனம், திமிர், பிடிவாதம் என்று என்னென்னவோ நினைத்து இத்தனை மாதம் இவரோடு மல்லுக்கு நின்றேன். இந்த ஆள் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை மகளுக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறார்.

ஜெர்சி எப்போது வந்து வாசலில் நின்றாள் என்று தெரியவில்லை.

"அத்துக்கு அங்க போவ வேணாம்ப்பா" என்றாள் சாதாரணமாக. "எனக்கே ஒளியத் தெரியும். மிஸ் என்ன படிக்கச் சொல்ற அன்னிக்கு வவுத்து வலின்னு சொல்லுவேன். நீ கண்ணாடி மறந்துட்டேன்னு சொல்லுவியே, அந்த மாதிரி."

அவர் அவளைப் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது அவருக்கு. அந்த வெண்கலக் குரலில் அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அவள் பயந்து என்னைப் பார்த்தாள்.

அழுது முடித்ததும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பெயர் தேடவில்லை, அவர் போனில் எல்லோருக்கும் படம்தான் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. வார்டன் படத்தைத் தொட்டார்.

"சார், அமலன் பேசறேன். பாப்பா வராது சார்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"அவளுக்கு எழுத்து வரல சார்" என்றார். ஜெர்சியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் வராது சார். உங்க கைல அத்தன வருஷம் படிச்சனே, அப்பவும் வராது."