தொட்டதைத்தான் சொல்லணும்

மூன்றாம் வகுப்பு டீச்சர் அன்று காலையிலிருந்தே பள்ளி வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்குக் கல்வி அதிகாரி வருகிறார். ஆண்டுத் தேர்வு முடிவுப் பட்டியலில் கையெழுத்துப் போடப் போகிறார். பட்டியலில் ஒரே ஒரு பெயருக்குத்தான் சிவப்பு வட்டம். தையல்காரர் மகள். ஆளும் ஒல்லி, அப்பா தொழிலும் அது என்பதால் வகுப்பில் அவளுக்கு ஊசி என்றே பெயர். அந்த வட்டம் நிலைத்தால் முப்பத்தொன்பது பேர் நாலாம் வகுப்புக்குப் போவார்கள். ஊசி மட்டும் அதே பெஞ்சில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும்.

தப்பு ஊசியுடையது இல்லை. டீச்சருடையது. அதுதான் அவரை இரண்டு நாளாகத் தின்றுகொண்டிருந்தது.

உவமைப் பாடத்துக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: கையால் தொட்டதைத்தான் உவமையாகச் சொல்லலாம். யாராவது "முத்து மாதிரி பல்லு" என்று ஆரம்பித்தால் வகுப்பே திரும்பி, "தொட்டியா?" என்று கேட்கும். முத்தை எவன் தொட்டான்? சொன்ன பையன் அசடு வழிந்துகொண்டே, "சரி, சாக்பீஸ் மாதிரி பல்லு" என்று மாற்றிக்கொள்வான். அறைக்குள் வருகிற பெரியவர்களையும் விடுவதில்லை. மின்விசிறி ரிப்பேருக்கு வந்தவர்கூட ஒரு உவமை சொன்ன பிறகுதான் ஏணியைவிட்டு இறங்க முடிந்தது.

இத்தனையும் செய்த டீச்சர், பரீட்சைக்கு இந்தச் சட்டம் செல்லாது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். மற்ற பிள்ளைகள் பிழைக்கத் தெரிந்தவர்கள். வகுப்பில் தொட்டதைச் சொல்லிவிட்டு, பரீட்சையில் நோட்ஸில் மனப்பாடம் செய்ததை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள். ஊசிக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. பத்து கோடிட்ட இடங்கள், பத்து மதிப்பெண். வேறு பள்ளியில் திருத்தியவர் விடைக்குறிப்பைப் பார்த்துப் பார்த்து முட்டை போட்டிருந்தார். தேர்ச்சிக்கு எட்டு மதிப்பெண் குறைந்தது.

அதிகாரி தலைமை ஆசிரியையின் அறையில் உட்கார்ந்து விடைத்தாளை விரித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அம்மாவின் முகம் எதைப் போல இருந்தது? நிலவுன்னு எழுதணும். இந்தப் பொண்ணு என்ன எழுதியிருக்கு? இப்போதான் இஸ்திரி போட்ட துணி! என்ன டீச்சர் இது?"

"சூடா, மெத்துன்னு இருக்கும் சார். அவங்க கடையில தொட்டுப் பார்த்திருக்கா. நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன்."

"விடைக்குறிப்புல இல்லையே."

"அஞ்சு நிமிஷம் வகுப்புக்கு வாங்க சார். அப்புறம் நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி."

தலைமை ஆசிரியை கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றார். டீச்சர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். விடைத்தாளையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அதிகாரி வகுப்புக்குள் வந்ததும் நாற்பது பேரும் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். முன் பெஞ்சுக்காரன் ஒருவன் வழக்கத்தை விடவில்லை.

"சார், இங்க யாரு வந்தாலும் ஒரு உவமை சொல்லணும்."

"அதுக்கென்ன," என்று சிரித்தார் அதிகாரி. "நிலவு மாதிரி முகம்!"

"தொட்டீங்களா?"

நாற்பது தொண்டையும் ஒரே நேரத்தில். மரியாதையில் மட்டும் ஒரு குறையும் இல்லை. தலைமை ஆசிரியைக்குப் பாதி உயிர் போய்விட்டது. அதிகாரியின் சிரிப்பு அப்படியே நின்றது.

கடைசி பெஞ்சிலிருந்து ஊசி எழுந்தாள். "யாரோட முகம் சார்?"

"என் பொண்ணோடதுதான்."

"அதைத் தொட்டிருக்கீங்கல்ல? எப்படி இருந்துச்சு?"

 அவர் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"காலையில தொட்டேன். அவளுக்குக் காய்ச்சல். தூங்கிட்டிருந்தா, அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்." குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "வெந்நீர் ஊத்தின டம்ளரைப் பிடிச்சா எப்படி இருக்கும்... அப்படி இருந்துச்சு. வச்சிருக்கவும் முடியல, விடவும் முடியல."

 கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஊசிதான் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினாள். நல்ல உவமைக்கு அவள் என்றுமே கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

அதிகாரி டீச்சரின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஊசியைப் பக்கத்தில் நிறுத்தி, சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார்.

"கோபம் எதைப் போல இருந்தது? மெஷின் பாபின்ல சிக்கின நூல். தொட்டியா?"

"தினமும் சார். இழுத்தா இன்னும் சிக்கும்."

ஒரு டிக்.

"பாட்டியின் குரல்? எண்ணெய் போடாத தையல் மெஷின். தொட்டியா?"

"மெஷினைத்தான் சார். பாட்டிகிட்ட சொல்லிடாதீங்க."

அதிகாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு டிக். ஒவ்வொன்றுக்கும் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பதில், ஒவ்வொன்றுக்கும் டிக். பத்தாவதில் பேனா நின்றது. வானம் எதைப் போல இருந்தது என்ற கேள்விக்கு நேராகக் கோடு காலியாக இருந்தது.

"இது ஏம்மா எழுதலை?"

"சரியானது இன்னும் கைக்குக் கிடைக்கல சார். கிடைக்கட்டும்னு விட்டேன்."

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே முட்டையை அடித்துவிட்டு ஒன்பது என்று பெரிதாக எழுதினார். கீழே கையெழுத்து. பட்டியலில் சிவப்பு வட்டத்தின் மேல் ஒரு கோடு, அங்கேயும் கையெழுத்து.

"விடைக்குறிப்பை மாத்தச் சொல்லி நானே எழுதறேன் டீச்சர்," என்றவர், வாசல் தாண்டுவதற்குள் போனை எடுத்து மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. விடைத்தாளை எடுத்து அந்த ஒன்பதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒன்பது ஒன்பதாகவே இருந்தது. மனசு நிரம்பி வழிந்தது.

"பிள்ளைங்களா, எனக்கு இப்போ வானத்துல மிதக்கிற மாதிரி இருக்கு!"

"தொட்டீங்களா?"

முதல் ஆளாகக் கேட்டது ஊசிதான். டீச்சர் வசமாக மாட்டிக்கொண்டார். கட்டைவிரலை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். காயாத சிவப்பு மை அதில் ஒட்டியிருந்தது.

"வானத்தைத் தொடலை. இதைத் தொட்டேன்."

வகுப்பு ஏற்றுக்கொண்டது.