பேராதனைக்குப் போன கடிதம்

உக்குவளையில் ரயில் ஏறியதிலிருந்து யாகூப், செபஸ்தியனின் குறிப்புக் கொப்பியை மடியில் விரித்துக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். மாத்தளை மாலை வகுப்பில் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பரீட்சையில் தேறியவன் செபஸ்தியன். தேறாத யாகூப் வாப்பாவின் கடையில் நிற்கிறான். இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறவனுக்குத் துணைக்கு வந்திருக்கிறான்.

“சொல்லுங்க எஞ்சினியர் தொரை, பொறியியல் பீடம் எந்த வருசம் தொடங்கினது?”

“ஐம்பதுல. கொழும்புல.”

“பேராதனைக்கு வந்தது?”

“அறுபத்து நாலுல.”

“ஐம்பதுக்கு முந்தியெல்லாம்?”

“லண்டன் பரீட்சை எழுதித்தான் எஞ்சினியர் ஆகணும். இனி அணைக்கட்டு, பாலம், கரண்டு எல்லாத்துக்கும் இங்கயே ஆளுங்கள உருவாக்கணும். அதான் நோக்கம்.”

“பாஸ்! முதல்ல எங்கட கடைக் கூரையப் பாரு. மழைக்கு ஒழுகுது.”

செபஸ்தியனுக்குச் சிரிப்பு வரவில்லை. உறையைத் திறந்து சான்றிதழ்களை நாலாவது தடவையாக எண்ணினான்.

பீடத்தில் யாரும் அந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. எழுதுவினைஞர் சாந்தமான சிங்களவர். புள்ளிகளைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு குடியுரிமைச் சான்றிதழ் கேட்டார். செபஸ்தியன் பிறப்புச் சான்றிதழையும், கண்டி இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த துண்டையும் நீட்டினான். அவர் துண்டை இரண்டு தரம் படித்தார்.

“தம்பி, இதில் நீ இந்தியாவுக்குப் போகக் கேட்டிருக்கிறாயே?”

அந்த விண்ணப்பத்தை எழுதியது அவன் கைதான். போன வருடம், நாடற்ற தோட்டத்துத் தமிழர் இந்தியாவா இலங்கையா என்று எழுதித் தரும் படிவங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தபோது, படித்த பிள்ளை என்று எல்லோரும் அவனிடமே கொண்டுவந்தார்கள். அவன் கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து வயதுகளைச் சரிபிழை பார்த்து எழுதினான். தனியாக எழுதினால் தனிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள், குடும்பம் பிரிந்துவிடும் என்று லயத்தில் பேச்சு. ஒரு வீடு இந்தியா என்றதும் நாற்பத்து மூன்று வீடுகளும் இந்தியா என்றன. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் தகப்பனின் படிவத்திலேயே சேர வேண்டும். அவனுக்கு அப்போது பதினேழு வயதும் பத்து மாதமும். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் இந்த நாட்டையே கேட்டுத் தனிப் படிவம் போட்டிருக்கலாம். முடிவு தேதிக்கு ஒரு வருடத்துக்கும் மேல் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பினால்தான் அவன் மனம் ஆறும். அப்பாவின் படிவத்தில் மூன்றாவது வரியில் தன் பெயரையும், நாலாவது வரியில் தங்கை மார்ஜரியின் பெயரையும் எழுதி முடித்தான்.

“பதினாலு நாள் இடத்தை வைத்திருக்கிறேன். இங்கே குடியுரிமை கேட்டதற்கு ஒரு அத்தாட்சியாவது கொண்டு வா,” என்றார் எழுதுவினைஞர்.

திரும்பும் வழியில் கண்டியில் விசாரித்தார்கள். அப்பாதான் விண்ணப்பத்தை மீளப்பெற வேண்டும். பெற்றால் நாலு பேருடைய பெயரும் போய்விடும்.

“உன் பேர மட்டும் வெட்டச் சொல்லேன்டா,” என்றான் யாகூப்.

“கேட்டேன். முடியாதாம்.”

அதற்குப் பிறகு உக்குவளை வரை யாகூப் பகிடி விடவில்லை.

மார்ஜரிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டாருக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. கலியாணம் அக்கரையில், இந்தியாவில்தான். இந்தக் குடும்பத்துக்கு எப்போது வரும் என்று அவர்கள் வாரம் தவறாமல் கேட்டு அனுப்பினார்கள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டார். நெடுநேரம் கைவிரல்களில் ஒட்டியிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டே இருந்தார்.

“மார்ஜரி கலியாணம் நின்னு போகுமா?”

“நிக்கும்ப்பா. நம்ம வரலன்னா அவங்க வேற எடம் பாப்பாங்க.”

“இங்க கேட்டா கெடைக்குமா?”

“தெரியாதுப்பா. ரெண்டும் இல்லாமயும் போகலாம்.”

அம்மா மதலேனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா ஒரு வெள்ளைத் தாளைக் கேட்டு வாங்கி, அடியில் பெருவிரல் ரேகையை அழுத்தினார்.

“விண்ணப்பத்த திருப்பி வாங்க என்னா எழுதணும்னு எனக்குத் தெரியாது. நீயே மேல எழுதிக்க.”

பன்னிரண்டு நாள் அந்தத் தாள் அவன் கொப்பிக்குள் கிடந்தது. ஒவ்வொரு மாலையும் எடுத்தான். சரியான வாசகம் அமையவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வாசகம் முதல் நாளே அமைந்துவிட்டிருந்தது. பதின்மூன்றாம் நாள் ரேகை வைத்த தாளை அப்படியே விட்டு, வேறொரு தாள் எடுத்து, தனக்கு வைத்த இடம் வேண்டாம் என்று பேராதனைக்கு மூன்று வரி எழுதி, உக்குவளைத் தபாலில் போட்டான்.

மறுநாள் விடியற்காலை அப்பா பால்வெட்டுக்குப் புறப்பட்டு நின்றார்.

“எழுதிப் போட்டியா?”

“போட்டேம்ப்பா.”

“நல்லது.” அப்பா வாளியை எடுத்தவர் மறுபடி கீழே வைத்தார். “மார்ஜரிகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ சொன்னா அது ஒன்மேல கோவப்படும். மாப்ள வீட்டுக்கும் நானே போயிட்டு வந்துர்றேன்.”

“வேணாம்ப்பா.”

“என்னா வேணாம்? ஒளிச்சு வச்சா நல்லாவா இருக்கும்?”

“மார்ஜரிகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா.”

அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணி அடித்தது. இரண்டாம் முறையும் அடித்தது. தோட்டத்தில் இருபத்தாறு வருடம் ஒரு நாளும் பிந்தாத மனிதர், வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார்.