எல்சியின் பாட்டுக்குப் பெயர்

வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டுப் பெட்டியை இரஞ்சிதம் அன்று மத்தியானம் திறக்கவில்லை. காலையில் நடந்ததற்குப் பிறகு பசியே மறந்துபோயிருந்தது.

சிட்னியில் பழைய நாட்டுப்புறப் பாட்டுகளைத் திரட்டி இசைத்தட்டாக வெளியிடும் சிறிய கம்பெனி அது. பழைய தட்டுகளிலிருந்து பதிவு செய்த ஒலிநாடாவைக் கேட்டு, உறையின் பின்பக்கத்துக்குப் பாட்டுகளின் பெயர்களைத் தட்டச்சு செய்வது அவள் வேலை. மூன்று மாதத் தவணை அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலை நிரந்தரமானால் லிட்கம் பகுதியில் பார்த்து வைத்திருக்கும் சின்ன ஃபிளாட்டுக்குக் கையெழுத்துப் போடலாம். இலங்கையில் எஞ்சினியராக இருந்த கணவர் விக்னராஜாவுக்கு இங்கே இன்னும் வேலை அமையவில்லை. அவருடைய அக்கா வீட்டின் பின்னறையில்தான் இருவரும் இருக்கிறார்கள். அங்கே இரஞ்சிதம் சத்தமாக இருமக்கூடப் பழகவில்லை.

காலையில் மேலாளர் பர்ன்ஸை ஒரு வானொலிக்காரர் தொலைபேசியில் அழைத்துச் சிரித்திருந்தார். அவருக்கு முன்கூட்டி அனுப்பிய உறையின் மாதிரிப் பிரதியில் இருக்கும் ஒரு பாட்டு உலகத்திலேயே இல்லையாம்.

பர்ன்ஸ் அந்தப் பாட்டின் பழைய இசைத்தட்டை அவள் மேசையில் வைத்தார். அதன் நடுவட்டத்தில் 'மந்தையோட்டியின் வேண்டுகோள்' என்று அச்சாகியிருந்தது. அவள் உறையில் அடித்திருந்ததோ, 'கேட்டைத் திறந்து வைப்பாயா, எல்சி?' என்பது.

"இது முதல் வரி. பெயர் இல்லை. தட்டைப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. தட்டு பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. ஆனால் பாட்டுக்கு முதல் வரியைத் தவிர வேறு பெயர் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஊரில் வானொலிக்குத் தபாலட்டை போட்டால் முதல் வரியைத்தான் எழுதுவார்கள். அறிவிப்பாளரும் அதைத்தான் சொல்வார். அங்கே எந்தப் பாட்டும் தனியாக ஒரு பெயரை வைத்துக்கொண்டு திரிவதில்லை. இதை அவருக்குச் சொன்னால் சாக்குப் போலத்தான் கேட்கும். சொல்லாமல் தலையசைத்தாள்.

பாடியவர் ஆர்தர் ப்ரிம் வடக்கே ஒரு ஊரில் இன்னும் உயிரோடு இருப்பதாக வானொலிக்காரர் சொல்லி, தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தார். சாயந்தரம் உறை அச்சுக்குப் போக வேண்டும். அதற்குள் அவரை நீயே கேட்டு முடிவு செய் என்று சொல்லிவிட்டு, பர்ன்ஸ் எதிர்க் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

தொலைபேசி என்றால் இரஞ்சிதத்துக்குப் பயம். நேரில் பேசும்போது ஒரு புன்னகை விடுபட்ட சொல்லை நிரப்பிவிடும். கம்பிக்குள் அவளுடைய உச்சரிப்பு மட்டும் தனியாகப் போய் நிற்க வேண்டும். அவளைப் பற்றி எதிர்ப்பக்கத்துக்குத் தெரியப்போவது அது ஒன்றுதான்.

முதல் தடவை அவள் சொன்னது கிழவர் ப்ரிமுக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை மெதுவாகச் சொன்னாள். நீ எந்த ஊர் என்று அவர் கேட்டார், சொன்னாள். தேயிலை வருகிற ஊரா என்றார். ஓம் என்று வாயில் வந்ததை விழுங்கி, ஆங்கிலத்தில் ஆமென்றாள். பிறகு தட்டின் பெயரையும் உறையில் தான் அடித்ததையும் வாசித்துக் காட்டி, எது சரி என்று கேட்டாள்.

"வேண்டுகோளா? அந்தப் பெயரை வைத்தது பட்டணத்துக் கம்பெனி. தட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் நானே பார்த்தேன். நடனக் கூடத்தில் அதைச் சொல்லி ஒருவனும் பாட்டுக் கேட்டதில்லை. 'கேட்டைத் திற' பாடு, ஆர்தர் என்பார்கள். நீ சொன்னதுதான் பாட்டு."

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். இத்தோடு வைத்துவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குறி அவளை உறுத்தியது. நாடாவில் அவர் குரல் வரியின் முடிவில் சற்று உயர்ந்ததால்தான் அதைப் போட்டிருந்தாள். தயங்கித் தயங்கி அதையும் கேட்டாள்.

கிழவர் ரிசீவரை விலக்கி வீட்டுக்குள் கத்தினார்.

"எல்சி! அந்தப் பாட்டில் உன்னிடம் நான் கேட்டேனா, சொன்னேனா?"

பாத்திரங்களின் சத்தம் நின்றது. தூரத்தில் ஒரு கிழவியின் குரல்.

"நீ வாழ்க்கையில் என்னிடம் எப்போது எதைக் கேட்டாய்?"

இரஞ்சிதம் சிரித்துவிட்டாள். கையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அந்த முனையில் கிழவரும் சிரித்தார். எழுத்துக் குறியெல்லாம் தனக்குத் தெரியாது, எல்சி சொன்னபடியே போட்டுவிடு என்றார்.

ரிசீவரை வைத்த பிறகு பர்ன்ஸிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வார்த்தைகள் தடுக்காமல் வருவதை அவளே கவனித்தாள். ஊரில் பாட்டை முதல் வரியால்தான் அழைப்போம் என்பதையும் இப்போது சொன்னாள். அது சாக்கு மாதிரி ஒலிக்கவில்லை.

"அடுத்த தடவை தட்டையும் பார்," என்றார் அவர். சிவப்புப் பென்சிலால் கேள்விக்குறியை வெட்டினார். எல்சிக்கு முந்திய காற்புள்ளியை விட்டுவைத்தார். தட்டிலிருந்த பெயரைக் கீழே சிறிய எழுத்தில் போடச் சொன்னார். எழுந்து போனவர் திரும்பி வந்து, ஒலிநாடாக்கள் நிறைந்த ஒரு பெட்டியை அவள் மேசையில் வைத்தார்.

"இது அடுத்த மாதத்துக்கு."

அடுத்த மாதம் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு அது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. தோள் இரண்டும் காதோரம் வரை ஏறியிருந்தது அவை இறங்கும்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போன் செய்தாள். விக்னராஜா எடுத்தார்.

"இஞ்சருங்கோ, வேலை போகேல்லை, நிலைச்சிட்டுது."

"சாப்பிட்டனீரே?" என்று கேட்டார்.

"இல்லை. இனித்தான்."

புட்டுப் பெட்டியைத் திறந்தாள். புட்டு ஆறி இறுகியிருந்தது. ஒரு கரண்டி எடுத்து உதிர்த்துச் சாப்பிட்டாள். பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்ப்பாள் என்ற நினைவே இல்லாமல், அந்த முதல் வரியை முணுமுணுத்தபடி, முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.