அக்கா சொல்லாத பெயர்

என் அக்காவின் பெயர் வில்ஹெல்மினா. எங்கள் ஊரான சிகாமட்டில் ஒருவரும் அதை முழுசாகச் சொன்னதில்லை. அப்பாவுக்கு வில்மா, அம்மாவுக்கு மீனா, பாடம் நடத்திய பள்ளியில் மிஸ் மின்னி. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டபோது எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்த பெயர் அது. அவர்கள் போன பிறகும் தங்கிவிட்டது, பிறகு எங்களோடு கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. தலைமுறைக்கு ஒரு பெண்ணாவது அதைச் சுமக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம்.

"முன்பாதிக்கு மனவுறுதின்னு அர்த்தம், பின்பாதிக்குத் தலைக்கவசம். ஒல்லாந்துல இதையே வில்லமைன், ஹெல்மா, மீன்ச்சேன்னு ஆளுக்கு ஒண்ணா வச்சிருக்காங்க" என்பாள் அக்கா. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு மகள் பிறந்ததும் அடுத்த வில்ஹெல்மினா வந்துவிட்டாள் என்றே நினைத்துவிட்டாள்.

முட்டுக்கட்டை போட்டது நான்தான்.

"ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க அக்கா. கிளாரிசான்னு முடிவு பண்ணிட்டோம் லா."

"உன் பிள்ளை, தம்பி" என்றாள். முகம் வாடிப்போனது.

எங்கள் சபையில் ஞானஸ்நானத்தின்போது போதகர் பிள்ளையின் பெயரை ஞானத்தாயிடம்தான் கேட்பார். அவள் வாயில் வருவதைச் சொல்லித்தான் தண்ணீர் தெளிப்பார். ஞானத்தாய் அக்காதான் என்று முன்பே பேசியிருந்தோம். எனக்குள் பயம் பிடித்துக்கொண்டது. அத்தனை பேர் முன்னால் அவள் வில்ஹெல்மினா என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அந்த ஞாயிறு காலை சர்ச் வாசலில் வைத்து, என் மனைவியின் தங்கை ஐலீன் நிற்கட்டும் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் காரணம் கேட்கவில்லை. கையிலிருந்த பிஸ்கட் டின்னை அணைத்தபடி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். என்ன புத்தியோ எனக்கு.

அதன்பிறகு இருபத்தெட்டு வருடம் போக்குவரத்து இருந்தது, சிரிப்பும் இருந்தது. அந்த நாளைப் பற்றி மட்டும் அவள் பேச்செடுக்கவில்லை. எனக்கும் கேட்க வெட்கம்.

போன மாதம் அக்காவை அடக்கம் செய்தோம். வீட்டை ஒழிக்க ஜோகூர் பாருவிலிருந்து கிளாரிசா வந்தாள். வெள்ளத்துக்குப் பயந்து அக்கா முக்கியமானதையெல்லாம் அலமாரி உச்சியில்தான் வைப்பாள். அங்கே அதே டின் இருந்தது.

கிளாரிசா திறந்தாள். குழந்தைக்கான வெள்ளை கவுன், ஒரு தடவைகூட உடுத்தாதது. அக்கா கையால் தைத்தது.

"யாரோடதுப்பா இது?"

வாங்கி விளிம்பைப் புரட்டினேன். நீல நூலில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. அதற்கு மேல், ஒவ்வொரு எழுத்தும் நிதானமாக, கிளாரிசா.

"உன்னோடது" என்றேன்.

அன்றைக்கு நிற்க விட்டிருந்தால் அக்கா இந்தப் பெயரைத்தான் சொல்லியிருப்பாள்.