பர்மாவில் நடந்தவனின் காலடிகள்

ஒபோன்யோ வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சேர்ந்து போன மறுநாளிலிருந்து அவன் காலடிகள் ஏரிக்கரை ஊரான உயோமாவில் அவன் வீட்டு வாசலிலேயே விழுந்தன. மனைவி அலோ காலையில் வாசலைப் பெருக்கி முடித்ததும், ஆளில்லாமல் பூட்ஸ் தடங்கள் ஒவ்வொன்றாகப் பதியும். அந்த வருஷம் சோளம் விலை ஏறியிருந்தது, ஏரியில் மீன் குறைவு. ஊர் அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசியது, தடங்களைப் பற்றி அல்ல. யாரும் பிடித்துக்கொண்டு போகாமல் தானாகவே பேர் கொடுத்துப் போனவன் அவன். அவன் எங்கே நடக்கிறான் என்பது வீட்டுக்குத் தெரிவது நியாயம்தான் என்று விட்டுவிட்டார்கள். பயிற்சிக் காலத்தில் தடங்கள் சதுரம் சதுரமாகத் திரும்பின. கப்பலில் இருந்தபோது தள்ளாடின; ஈரம் காய்ந்ததும் உப்புப் பூத்தது, ஆடுகள் நக்கின. பர்மா வந்ததும் உயோமாவில் இல்லாத கருஞ்சேறு வந்தது, சேற்றோடு அட்டைகளும் வந்தன. கோழிகள் கொழுத்தன.

இரண்டாம் மழைக்காலத்தில் வலது கால் இழுபட்டது. பிறகு ஒரு பூட்ஸ் தடம் மறைந்து, அங்கே வெறுங்காலின் விரல்கள் பதிந்தன. அந்த வாரமே ஊர்த் தலைவர் வீட்டு ஆள் ஒரு தாளைக் கொண்டுவந்தான். ஆற்றைக் கடக்கையில் ஒபோன்யோ இறந்தான், உடல் கிடைக்கவில்லை என்றது அது.

உடல் கிடைக்காதவனுக்குப் பதிலாக யாகோ மரத்தின் நீண்ட காயைப் புதைப்பது வழக்கம். காய் மண்ணுக்குள் போய்விட்டால், அவன் உயிரோடு திரும்பினாலும் வாசலில் கால் வைக்க முடியாது. புதைக்காவிட்டாலோ, அலையும் ஆவி வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோகும். ஒபோன்யோவின் அண்ணன் மகேரோவின் கடைசிப் பிள்ளைக்கு அன்றே காய்ச்சல் கண்டது. வாசலில் தடங்களோ நிற்கவில்லை.

"பாத்தியா, செத்த பிறகும் நடக்குறான். புதைக்கச் சொல்லித்தான் சுத்துறான்" என்றார் மகேரோ.

"ஆவி எதுக்கு அத்தான் நொண்டணும்? செத்தவரு பூட்ஸைத் தொலைப்பாரா?" என்றாள் அலோ.

"அசெம்போவுல இருந்து வாக்கப்பட்டு வந்தவ, வாயை மூடு. எம் பிள்ளை உடம்பு அனலாக் கொதிக்குது."

குழி வெட்டியாயிற்று. ஒபோன்யோவின் பழைய போர்வையில் காயைச் சுற்றித் தூக்கினார்கள். அப்போது தடங்கள் வேகம் பிடித்தன. விரல் மட்டும் ஊன்றி ஓடுபவனின் தடங்கள். வேலியோரம் பதுங்கின. விழுந்தன. உள்ளங்கைகளும் முழங்கால்களும் பதிந்தன. தவழ்ந்து வந்து, குழியின் விளிம்பில் எழுந்து நின்றன. தூக்கியவர்களும் நின்றுவிட்டார்கள்.

"இறக்குங்கடா உள்ள" என்றார் மகேரோ.

அலோ அழவில்லை. கடைசித் தடத்துச் சேற்றுக்குள் கையை விட்டு, கட்டைவிரல் பருமனுக்கு ஊதிப்போன ஓர் அட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நசுக்குங்க அத்தான்."

நசுக்கினார். சூடான சிவப்பு ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது.

"இது பொணத்துல குடிச்சதா? நீங்களே சொல்லுங்க."

மகேரோ கையைத் துடைக்கவில்லை. உள்ளே பிள்ளை முனகியது. "காயைக் கொண்டுபோய் ஏரியில வீசுங்கடா" என்றார்.

ஆனால் வெட்டிய குழியை வெறுமனே மூடக் கூடாது. அது வேறொருவரைக் கேட்கும். அதனால் தலைவர் வீட்டிலிருந்து வந்த தாளையே போர்வையில் சுற்றிப் புதைத்தார்கள். ஊர் கூடி முறைப்படி அழுதது. விடிவதற்குள் பிள்ளைக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டது.

யுத்தம் முடிந்த மறுவருஷம் ஒபோன்யோ நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தான். பெருக்கிய வாசலில் அவன் காலடி ஒன்றுகூடப் பதியவில்லை. அதன்பின் சாகும்வரை எங்குமே பதியவில்லை. அவனுக்குள்ள காலடிகளையெல்லாம் முன்பே அனுப்பிவிட்டான் என்று ஊர் அதை அத்தோடு விட்டது. அலோவுக்குத்தான் குறை.

"பர்மாவுல இருந்தப்போ மனுஷன் எங்க நடக்குறாருன்னு தெரிஞ்சுது" என்பாள் பெருக்கிக்கொண்டே. "இப்போ எந்தச் சாராய வீட்டுல உக்காந்திருக்காருன்னு யாருக்குத் தெரியுது?"