மூணாவது ஸ்க்ரூ

பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துவதால் அவரை வீட்டிலும் வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள். மனைவி பல் டாக்டர். அவள் "வாத்தியாரே" என்று இழுக்கும் இழுப்பிலேயே அன்றைக்கு அவர் நல்ல பிள்ளையா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அந்த வாரம் அவர் நல்ல பிள்ளை இல்லை. காரின் ஹீட்டரில் காற்றை ஊதித் தள்ளுகிற மோட்டார் ஒரு மாதமாகக் கீச்சுக் கீச்சென்று கத்திப் பார்த்தது. அவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டிச் சமாளித்தார். கடைசியில் மோட்டார் வாயை மூடிக்கொண்டது. குளிரில் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் ஆவி படிந்தது. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி.

"நீங்க வண்டி ஓட்டுறீங்களா, வீடு துடைக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

"அடுத்த வாரம் பார்த்துடலாம்."

அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க அவள் தங்கையின் குழந்தைக்குப் பொறுமையில்லை. டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. தங்கை வீட்டில் கார் கிடையாது. மறுநாள் காலையில் இந்த வண்டியில்தான் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர வேண்டும். மெக்கானிக்கோ இப்போதைக்குக் கை ஒழியாது என்றுவிட்டார். வாத்தியார் புது மோட்டார் வாங்கி வந்தார், வீடியோ பார்த்தார், சட்டைக் கையை மடித்துவிட்டார்.

உதவிக்குச் சகலை வந்தான், குழந்தையின் அப்பா. வந்தான் என்பதைவிட நர்ஸ் துரத்திவிட்டாள் என்பதே சரி. வார்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்து எல்லோருக்கும் தலைசுற்றல் வர வைத்திருந்தான்.

முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் சின்னப் பெட்டியைக் கழற்றினார்கள். வாத்தியார் காலைச் சீட்டின் முதுகில் போட்டு, தலையைக் கீழே தொங்கவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தார். மோட்டார் தெரிந்தது, கவிழ்த்த கிண்ணம் மாதிரி. ஒயரைப் பிடுங்கினார். மூன்று ஸ்க்ரூ. இரண்டு சொன்ன பேச்சைக் கேட்டன. மூன்றாவது பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவர் போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

"லைட்டை ஸ்க்ரூ மேல அடி. என் கண்ணு மேல இல்ல."

"அண்ணே, குழந்தைக்கு அவ மூக்குன்னு நர்ஸ் சொல்றாங்க. எனக்கென்னவோ என் மூக்கு மாதிரிதான்…"

"லைட்டு!"

அரைமணி நேரம் போனது. ஸ்க்ரூ அசையவில்லை. வாத்தியாராலும் அசைய முடியவில்லை. ஸ்வெட்டர் எதிலோ மாட்டிக்கொண்டது. வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்தான்.

மனைவி கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "தம்பி, உங்க அண்ணன் எங்க?"

"உள்ள இருக்கார்க்கா."

"வாத்தியாரே, உலக மேப்புல நீங்க இப்ப எந்த இடத்துல இருக்கீங்க?"

"தென் துருவம்" என்று டேஷ்போர்டு பதில் சொன்னது. "சிரிச்சது போதும், வெளிய எடு."

ஸ்வெட்டரை விடுவித்து அவரை இழுத்துப் போட்டாள். பிறகு வீட்டுக்குள் போய், பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியும் கழுத்து மடங்கிய சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் எடுத்து வந்தாள். கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தைப் பார்த்தே பழகிய கை. கண்ணாடியை உள்ளே விட்டு, வழக்கமான குரலில், "நல்லா திற… வலிக்காது… அவ்வளவுதான்" என்றாள்.

"என்கிட்ட ஒரு நாளாவது இப்படி அன்பா பேசியிருக்கியா?" என்றார் வாத்தியார்.

"நீங்க என்னைக்கு வாயை மூடினீங்க, நான் திறக்கச் சொல்ல?"

ஸ்க்ரூ அவள் உள்ளங்கையில் விழுந்தது.

மோட்டாரை இறக்கிப் பார்த்தால், விசிறிக்குள் காய்ந்த இலையும் பொடிப்பொடியாகக் கடித்த காகிதமும் பஞ்சுமாக வட்டமாய் ஒரு கூடு. எலி காலி செய்துவிட்டுப் போயிருந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இங்கயும் ஒரு பிரசவம் நடந்திருக்கு போல" என்றான் சகலை. சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ, கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் என் பொண்ணுக்கு இவ்வளவு கூடச் செய்யலக்கா. தொட்டில்கூட இன்னும் மாட்டல."

அவள் கிண்டல் செய்யவில்லை. "சாயங்காலம் மாட்டிடலாம். நாங்க வர்றோம்" என்றாள்.

கூட்டை வழித்துப் போட்டுவிட்டுப் புது மோட்டாரைப் பொருத்தினார்கள். "மூணாவது ஸ்க்ரூ வேணுமா?" என்று வாத்தியார் மெல்லக் கேட்டார். மனைவி பார்த்த பார்வையில் மூன்றாவதும் ஏறியது, அவள் கையாலேயே. வண்டியைக் கிளப்பி ஹீட்டரைப் போட்டார். மோட்டாரில் சத்தமே இல்லை. சகலையின் முகம் வெளுத்தது. வாத்தியார் குனிந்து பார்த்தார். ஒயர் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது வீடியோல வரல" என்று சொல்லி மாட்டினார். மறுநொடி உள்ளே மிச்சமிருந்த இலைத்தூளும் பஞ்சும் அவர் மூஞ்சியில் அடித்தன. அதன் பின்னாலேயே காற்று வந்தது, எஞ்சின் சூடேறச் சூடேற வெதுவெதுவென்று.

மறுநாள் குழந்தையோடு பின்சீட்டில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். முன்னால் உட்கார்ந்த சகலை காற்றைக் கூட்டிக் கூட்டி வைத்தான்.

"ஏங்க, பிள்ளையை வேக வைக்கப் போறீங்களா?" என்றாள் தங்கை. அவன் அவசரமாகக் குறைத்தான்.

வாத்தியார் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, பள்ளம் பள்ளமாகப் பார்த்து ஒதுக்கி ஊர்ந்தார்.

"வாத்தியாரே, சைக்கிள்காரங்க எல்லாம் நம்மளை முந்திட்டுப் போறாங்க."

"போகட்டும்" என்றார் அவர். "அவங்க வண்டில குழந்தை இல்லை."